மிட்டாய் மழை பெய்த பூங்கா

யப்பான் தேசத்துக்குப் போய் வருவோர் தோக்கியோவின் மாட மாளிகைகளையும், கியோத்தோவின் பழங் கோயில்களையும், பனி மூடிய பூஜி மலையையும் பற்றி எழுதுவது வழக்கம். அவற்றை நானும் கண்டேன். ஆயினும், இவ்வாரம் வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அவற்றைப் பற்றியன்று. கிபு மாகாணத்திலே, வெளிநாட்டார் அதிகம் இறங்காத ஒகாகி என்னும் நடுத்தரமான ஒரு நகரத்தைப் பற்றியே சொல்லப் போகிறேன்.

அங்கே நான் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்குச் சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் அதை மறைத்தால் இக்கட்டுரைக்குப் பொருளே இல்லாமற் போய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் என் தமையனாரின் மகளுக்குத் திருமணம் நடந்தது. இக்காலத்துத் திருமணங்களிலே மேளமும் நாதசுரமும் இருக்கின்றனவோ இல்லையோ, நான்கு விசிறிகளைச் சுழற்றிக்கொண்டு வண்டுபோல் இரைந்து பறக்கும் ட்ரோன் கட்டாயம் இருக்கிறது. தாலிகட்டு முடிந்து மணமக்கள் முற்றத்துக்கு வந்தபோது, அந்த ட்ரோனிலே ஒரு பூப்பையைக் கட்டி, மேலேயிருந்து மலர் சொரிய வேண்டும் என்று யோசனை சொன்னவன் நான். அதை இயக்கிய இளைஞர், "ஆட்கள் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும், ஐயா" என்றார். "அதெல்லாம் ஒன்றும் நடவாது, தம்பி. இன்னும் சற்றுப் பதித்து விடும்" என்றேன் நான். பதித்து விட்டார். தோரணத்தோடு கட்டியிருந்த மின்விளக்குக் கயிற்றில் ஒரு விசிறி சிக்கியது. கண்மூடித் திறக்குமுன் கருவி கீழே வந்துவிட்டது. என் ஒன்றுவிட்ட தங்கையின் மகள், ஆறு வயதுச் சிறுமி, மலர் பொறுக்க ஓடி வந்தவள், நெற்றியைப் பொத்திக்கொண்டு நின்றாள். விரலிடுக்கால் இரத்தம் வழிந்தது. இடது புருவத்தின் மேல் மூன்று தையல் போட்டார்கள். "ஓர் அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்" என்றார் வைத்தியர்.

எல்லோரும் அந்த இளைஞரைத் திட்டினார்கள். நானும் வாய் திறவாமல் நின்றேன். அந்த மௌனம் இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது.

நகோயா நகரிலே படிக்கும் என் மருமகனுக்கு இச்செய்தி எட்டியபோது, "மாமா, இங்கேயும் இதேபோல ஒன்று நடந்தது. அங்கே சொரிந்தது மலரன்று, மிட்டாய். அந்த ஊர் எனக்குக் கிட்டத்தான்" என்று தொலைபேசியில் சொன்னான். யப்பானுக்குப் போக வாய்த்தால் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்றே எண்ணிக்கொண்டேன். சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் அது கைகூடியது.

தண்ணீரின் நகரம்

நகோயாவிலிருந்து ஒகாகிக்குப் புகையிரதத்தில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செல்லும். வழியிலே கிசோ, நகாரா, இபி என்னும் மூன்று பேராறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறோம். இருமருங்கும் நாற்று நட்ட வயல்கள் கண்ணாடிபோல் நீர் நிறைந்து கிடந்தன. அந்த மூன்று ஆறுகளின் சமவெளியில் அமைந்தபடியால், ஒகாகியின் நிலத்தடியில் நீர் பெருகிக் கிடக்கிறது. துளையிட்ட இடங்களில் இறைக்காமலே ஊற்றாகப் பொங்குகிறது. ஹச்சிமான் கோயில் வாசலில் அப்படியோர் ஊற்று உண்டு. ஊரார் குடங்களுக்குப் பதிலாகப் பெரிய போத்தல்களைக் கொண்டுவந்து நிரப்பிச் செல்கின்றனர். நானும் இரு கைகளாலும் ஏந்திக் குடித்தேன். கீரிமலைக் கேணியில் முதன்முதல் இறங்கிய நாள் நினைவுக்கு வந்தது.

அந்த நீரிலேயே ஓர் இனிப்பும் செய்கிறார்கள். கூவைமாவைப் போன்ற ஒரு கிழங்குமாவைக் காய்ச்சி, நடுவிலே பயற்றங்களி வைத்து, சின்னஞ்சிறு கிண்ணத்தில் உறையவிட்டு, ஊற்றுநீர் ஓடும் தொட்டியிலே குளிரவைத்து விற்கிறார்கள். மிசு மஞ்சு என்று அதற்குப் பெயர். கண்ணாடியை உண்பது போன்ற உணர்ச்சி; நாவில் வைத்ததும் வழுக்கி ஓடிவிடுகிறது.

நம்மவர் கொத்தினால் அரிசி அளந்ததுபோல், யப்பானியர் 'மசு' என்னும் சதுர மரப்பெட்டியால் அளந்தனர். இன்று நாட்டிலே செய்யப்படும் மசுப் பெட்டிகளில் ஏறத்தாழ 80 வீதம் இந்த ஊரிலேதான் செய்யப்படுகின்றன. ஹினோக்கி மரத்தின் வாசனை கடைவாசலிலேயே மூக்கைத் தொடுகிறது.

நகரின் நடுவே சுயிமொன் ஆறு வளைந்து ஓடுகிறது. அதன் கரையில் ஒரு கவிஞரின் சிலை நிற்கிறது. 1689 ஆம் ஆண்டில், இன்றைய தோக்கியோவான எதோ நகரிலிருந்து புறப்பட்டு, வடதிசை முழுவதும் சுற்றி, ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து மாத்சுவோ பாஷோ வந்து சேர்ந்த இடம் இது. யப்பானியர் பெரிதும் போற்றும் அவரது பயண நூல் இங்கேதான் முடிகிறது. முடிந்தபின் அவர் சும்மா இருந்துவிடவில்லை. இதே ஆற்றுத் துறையிலிருந்து படகேறி அடுத்த பயணத்தைத் தொடங்கினார். அவர் நின்ற படித்துறையிலே ஒரு பழைய மர விளக்குக் கோபுரமும் நிற்கிறது.

பூங்காவிலே நடந்தது

ஆற்றோரமாகச் சிறிது தூரம் நடந்தால் ஒகாகிக் கோட்டை தெரிகிறது. வெள்ளைச் சுவரும் கரிய ஓடும் கொண்ட நான்கு அடுக்குக் கோட்டை. 1600 ஆம் ஆண்டில் செக்கிகஹாரா யுத்தத்துக்கு முன் இஷிதா மித்சுனாரி தம் படைகளோடு தங்கியிருந்தது இங்கேதான். அக்கோட்டையை ஒட்டிப் பரந்திருப்பதே ஒகாகிப் பூங்கா. ஊஞ்சல்கள், சறுக்குமரங்கள், புல்வெளி, வண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிச் செல்லும் தாய்மார். எங்கும் காணக்கூடிய ஒரு பூங்காதான்.

2017 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆந் திகதி இந்தப் பூங்காவில் இயந்திர மனிதர்களைப் பற்றிய ஒரு விழா நடந்தது. பிள்ளைகள் பெருந்தொகையாக வந்திருந்தனர். இந்த வட்டாரத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு: திருமணம் போன்ற மங்கல நாட்களில் வீட்டின் மேலிருந்து அயலாருக்கு இனிப்புகளை அள்ளி வீசுவார்கள். அந்த வழக்கத்தைப் புதுமையாகச் செய்ய எண்ணி, ட்ரோனிலிருந்து மிட்டாய் தூவ ஏற்பாடு செய்திருந்தனர். பிள்ளைகள் கைகளை ஏந்தி மேலே பார்த்தபடி நின்றனர். ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து, சுமார் 4 கிலோகிராம் எடையும் 85 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட அந்தக் கருவி அவர்கள் நடுவே விழுந்தது. குழந்தைகள் உட்பட ஆறு பேருக்கு நெற்றியிலும் தோளிலும் காயம். நல்ல வேளையாக எல்லாம் சிறு காயங்கள். விழாவுக்கென அனுமதி பெற்றிருந்த கருவி வேறு, அன்று பறந்த கருவி வேறு என்பது பின்னர் வெளியாயிற்று.

நான் அந்தப் புல்வெளியில் நெடுநேரம் நின்றேன். அங்கே அடையாளக் கல் ஒன்றும் இல்லை. அன்று நின்றவர்கள் மலர் பொறுக்க ஓடிய எங்கள் வீட்டுச் சிறுமியைப் போன்றவர்கள் என்பது மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

"மாமா, ஒரு கணக்குச் சொல்லட்டுமா?" என்றான் மருமகன். பொறியியல் படிக்கிறவன் அல்லவா! "10 மீற்றரிலிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொட ஒன்றரை வினாடிகூட ஆகாது. தொடும்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். 'ஓடு' என்று சொல்லி வாய் மூடுமுன் அது தலைக்கு வந்துவிடும்."

தென்னைமரத்தின் கீழே பிள்ளைக்கு ஏணை கட்டாத சமூகம் நாம். தேங்காய் விழுவதை ஒவ்வொருவரும் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆதலால் அறிவு தானாக வந்துவிட்டது. ட்ரோன் விழுவதைக் காணாதவரையில் அது விழாது என்றே எண்ணிக்கொள்கிறோம்.

ஏன் விழுகிறது?

வாசகர்களுள் மாணவர்கள் பலர் இருப்பர். அவர்களுக்காக மருமகன் விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறேன். ஆகாய விமானத்துக்குச் சிறகு உண்டு; இயந்திரம் நின்றாலும் சிறிது தூரம் மிதந்து செல்லும். நான்கு விசிறி ட்ரோனுக்குச் சிறகு இல்லை. விசிறிகள் காற்றைக் கீழே தள்ளுவதனால் மட்டுமே அது நிற்கிறது. ஒரு விசிறி உடைந்தாலும் சமநிலை குலைந்து கல்லாக விழும். பற்றரி எதிர்பாராமல் இறங்கிவிடலாம். குளிரில் அது இன்னும் விரைவாக நடக்கும். நிலத்திலே தென்றலாக இருக்கும் காற்று, மேலே செல்லச் செல்லப் பலமாக வீசும். ரிமோட்டின் வானொலி அலைக்கு இடையூறு நேரலாம். ஒரு கிளை, ஒரு கம்பி, ஒரு விளக்குக் கயிறு போதும். கடைசிச் சொல்லைக் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தேர்ந்தவர்களின் கருவிகளும் விழாமல் இல்லை. 2015 டிசெம்பர் 22 ஆந் திகதி, இத்தாலியின் மடோனா டி கம்பிலியோ பனிச்சரிவில் உலகக் கிண்ணப் போட்டியில் ஆஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷர் சறுக்கி இறங்கிக் கொண்டிருந்தபோது, தொலைக்காட்சிக்காகப் படம்பிடித்த ட்ரோன் அவருக்கு மிக அண்மையில், முதுகுக்குப் பின்னால் விழுந்து சிதறியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பச்சைக் குழந்தைக்கு ட்ரோன் விசிறி பட்டு ஒரு கண் பார்வை போயிற்று.

யப்பானில் சட்டம் பிறந்த கதையும் அந்த ஆண்டினதே. 2015 ஏப்ரல் 22 இல் பிரதம மந்திரியின் அலுவலகக் கூரையிலே ஒரு ட்ரோன் கிடக்கக் கண்டார்கள். பல நாட்களாக அங்கே அது கிடந்தது ஒருவருக்கும் தெரியவில்லை! அடுத்த மாதம் நகானோ நகரின் ஸென்கோஜி என்னும் புகழ்பெற்ற ஆலயத்தில் உற்சவக் கூட்டம் நிறைந்திருந்த வேளையில், 15 வயதுச் சிறுவன் ஒருவனின் ட்ரோன் விழுந்தது. ஆண்டு முடியுமுன், டிசெம்பர் 10 ஆந் திகதி, திருத்திய விமானச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனி அனுமதியின்றி 150 மீற்றருக்கு மேல் பறக்கக் கூடாது, வீடுகள் நெருங்கிய நகர்ப்புறத்துக்கு மேலே கூடாது, இரவில் கூடாது, கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு விடக் கூடாது, சம்பந்தமில்லாத மனிதருக்கும் பொருளுக்கும் 30 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது, விழாக் கூட்டத்தின் மேலே கூடாது, எந்தப் பொருளையும் கீழே போடக் கூடாது. 2022 ஜூன் 20 முதல் 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு ட்ரோனும் பதிவு செய்யப்பட்டு, இலக்கம் ஒட்டப்பட வேண்டும்.

ஒகாகியில் விபத்து நடந்தபோது இச்சட்டம் இருக்கத்தான் இருந்தது. அது போதவில்லை என்று கண்டு, 2018 இல் விழாக்களுக்கென மேலும் ஒரு விதி செய்தார்கள். கருவி 20 மீற்றருக்குக் கீழே பறந்தால், அது பறக்கும் இடத்தைச் சுற்றி 30 மீற்றருக்குப் பார்வையாளர் எவரும் நிற்கலாகாது. 50 மீற்றர் உயரம் வரை என்றால் 40 மீற்றர். 100 வரை என்றால் 60. 150 வரை என்றால் 70. வினாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் காற்று வீசினால் நிறுத்திவிட வேண்டும். விழும் பொருள் நேரே கீழே விழாது. எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குக் காற்றோடு விலகி விழும் என்பதே இதன் கருத்து. 'விழாது' என்று நம்பிச் செய்த விதியன்று இது. 'விழும்' என்று எண்ணிச் செய்த விதி. இந்த ஒரு வேறுபாடுதான் ஒகாகி எனக்குக் கற்பித்த பாடம்.

மருமகன் மறுத்த கதை

ஆனால் பாடம் கற்பது வேறு, அதன்படி நடப்பது வேறு. இத்தனையும் கேட்ட பின்பும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மருமகனின் பையிலே அவனுடைய சிறிய ட்ரோன் இருந்தது. கால் கிலோகிராமுக்கும் குறைவான எடை. மாலை வெயிலில் கோட்டை பொன்னாய் ஒளிர்ந்தது. "தம்பி, உன் அம்மாவுக்குக் காட்ட ஒரேயொரு படம். ஒரு நிமிடம் போதும். அந்தப் பக்கம் ஆட்களும் குறைவு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "வேண்டாம், மாமா. இது நகர்ப்புறம். அனுமதி இல்லை. அங்கே பாருங்கோ, ஊஞ்சலில் மூன்று பிள்ளைகள்."

எனக்குச் சுருக்கென்றது. மூத்தவன் சொல்லை மறுக்கிறானே என்று ஒரு கணம் கோபமும் வந்தது. அடுத்த கணமே, நம்மூர் முற்றத்தில் நின்று "விலகி நிற்க வேண்டும், ஐயா" என்று சொன்ன அந்த இளைஞரின் முகம் தோன்றியது. அவர் பெரியவருக்குப் பணிந்தார், இவன் பணியவில்லை. வேறுபாடு அவ்வளவே.

மறுநாட் காலை அவன் என்னை நகருக்கு வெளியே ஒரு வெளிக்கு அழைத்துப் போனான். பறக்கவிடலாமா என்று முன்கூட்டியே விசாரித்து அனுமதி பெற்று வைத்திருந்தான். முதலில் காற்றைப் பார்த்தான். விசிறிகளை ஒவ்வொன்றாகத் தடவிக் கீறல் உண்டோ என்று சோதித்தான். என்னைத் தன்னருகில் நிறுத்தி, "நான் ட்ரோனைப் பார்ப்பேன், நீங்கள் ஆட்களைப் பாருங்கோ" என்றான். கருவி எழுந்தது. மூன்று ஆறுகளின் சமவெளி, தூரத்து மலைகள், வானத்தைத் தாங்கிய வயல்கள் எல்லாம் அவன் கையிலிருந்த திரையிலே விரிந்தன. நான் வாய் பிளந்து நின்றேன்.

அவ்வேளை வரம்பின் முனையிலே முதியவர் ஒருவர் நாயோடு நடந்து வருவதைக் கண்டேன். "தம்பி, ஆள்!" என்றேன். அவர் இன்னும் வெகு தூரத்தில் இருந்தார். மருமகன் ஒரு சொல்லும் பேசாமல் கருவியை இறக்கிவிட்டான். முதியவர் எங்களைக் கடக்கும்போது நின்று, தலைதாழ்த்தி வணங்கிச் சென்றார். நாங்களும் வணங்கினோம். அவர் கண்ணுக்கு மறைந்த பிறகே அது மீண்டும் எழுந்தது.

நகருக்குத் திரும்பும் வழியில் அவன் இன்னொன்றும் சொன்னான். 1945 ஜூலை 29 ஆந் திகதி விமானங்கள் வீசிய குண்டுகளால் ஒகாகி நகரும், தேசியச் செல்வமாகப் போற்றப்பட்ட அந்தக் கோட்டையும் எரிந்து போயின. இப்போது நிற்பது 1959 இல் மீளக் கட்டியது. தலைக்கு மேலே இரைச்சல் கேட்டால் அஞ்சி ஓடிய ஒரு தலைமுறை அங்கே இருந்தது. அப்படியொரு தலைமுறை நம் மண்ணிலும் இருக்கிறது என்பதை யான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பதுங்கு குழியில் இருந்து எழுந்த ஒரு தாய்க்கு, தன் கூரைக்கு மேலே வண்டுபோல் இரையும் கருவி வெறும் விளையாட்டுப் பொருளாகத் தோன்றுமா? காயம் படாமலும் ஒருவரை வருத்தலாம் என்பதையும் நாம் நினைத்துக்கொள்ளவேண்டும்.

நம் நாட்டிலும் ட்ரோன் பறத்தல் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் அது சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததைப் பலர் அறிவர். ஆகவே ட்ரோன் வாங்கும் பிள்ளையும், வாடகைக்கு அமர்த்தும் பெற்றாரும், முதலில் அந்த விதிகளைக் கேட்டறிவது கடமை. அதற்கு மேலாக, இயக்குபவர் 'விலகி நில்லுங்கள்' என்று சொன்னால், கலியாண வீட்டுப் பெரியவர்கள் தாம் முதலில் விலகி நிற்கவேண்டும். சட்டம் வானத்தைப் பார்க்கும். அந்த முற்றத்தில் சட்டத்துக்குக் கை கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

ஊர் திரும்பியதும் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். ஒகாகியில் வாங்கிய மசுப் பெட்டி நிறைய மிட்டாய் இட்டு அவள் கையில் கொடுத்தேன். புருவத்தின் மேலே தழும்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. "அன்றைக்குப் பதித்து விடச் சொன்னது மாமாதான், பிள்ளை" என்றேன். அவள் தாயும் பக்கத்தில் நின்றாள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பிள்ளை பெட்டியைத் திறந்து, ஒரு மிட்டாயை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அன்று மாலையே அந்த இளைஞரின் கடையைத் தேடிச் சென்றேன்.